மூடியில் மட்டும் எழுதியிருந்தது

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கூண்டம்மா என்று பெயர். வைத்தவள் நான்தான். ஆறு மாதத்தில் வாசல் காவலாளி வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒல்லியான பெண், முப்பத்தைந்து வயது. கோபம் வந்தால் எதுவும் பேசமாட்டாள், எழுந்துபோய்க் கைகழுவுவாள். சில நாட்களில் பத்துத் தடவை கைகழுவுவாள் என்று சொன்னால் கூடத்தை நடத்துகிற எங்கள் சாரின் அருமை உங்களுக்குப் புரியும்.

என்னை எல்லோரும் மைக்ரோஸ்கோப் அக்கா என்பார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு இருபத்தெட்டு வருடமாகக் குடித்தனம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாள் முழுக்க ஓர் இரும்புத் தூணோடு உட்கார்ந்திருப்பவள் ஆள் கிடைத்தால் பேசாமல் என்ன செய்வாள்?

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு நாள் என் தங்கை கேட்டாள். டிஎன்ஏவை மடித்துப் பெட்டி செய்கிறாள் என்றேன். "அதை எதுக்கு மடிக்கணும், அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே" என்றாள். நியாயமான கேள்விதான். ஒரு வைரஸிலிருந்து எடுத்த நீளமான டிஎன்ஏ இழை ஒன்று. அதோடு இருநூறு சொச்சம் குட்டித் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் அந்த இழையில் தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு இடங்களைப் பிடித்து இழுத்து, தையல் போடுகிற மாதிரி ஒட்டவைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சூடாக்கி, ஒன்றரை நாள் மெல்ல மெல்ல ஆறவிட்டால் இழை தானே மடிந்து அரைப் பெட்டியாகும். அப்படி இரண்டு அரைப் பெட்டிகள். ஒன்றுக்குள் புரத எந்திரத்தை உட்காரவைத்து இன்னொன்றால் மூட வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் கூண்டுகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறிசு.

உள்ளே உட்காருகிற புரதத்தை நாங்கள் அரவை மிஷின் என்போம். உயிரணுவுக்குள் கெட்டுப்போன புரதங்களின் வாலைப் பிடித்து இழுத்து, முறுக்கை அவிழ்த்து, துண்டுதுண்டாக நறுக்குகிற எந்திரம் அது. கூட்டத்தில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது என்ன செய்கிறது என்றே தெரியாது. தனி அறை கொடுத்தால் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம் என்பது சாரின் கணக்கு. தீனியாகப் பச்சையாய் ஒளிரும் ஒரு புரதத்தைப் போடுவோம். கூண்டில் அதற்கென்று இடைவெளிகள் உண்டு, தீனி அதன் வழியாகப் போகும். மிஷின் நறுக்க நறுக்கப் பச்சை மங்கும். எவ்வளவு சீக்கிரம் மங்குகிறதோ மிஷினுக்கு அவ்வளவு வேகம்.

சிக்கல் என்னவென்றால், வெளியே கடகடவென்று ஓடுகிற மிஷின் கூண்டுக்குள் போனதும் படுத்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வேகம்கூட வராது. ஆறு வருடம். சுவரை மாற்றினாள், இடைவெளியை அகலமாக்கினாள், மிஷினைத் திருப்பி உட்காரவைத்தாள். அது ஆறு வருடமும் படுத்தே கிடந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளே ஒரு கூண்டில்தானே இருந்தாள் என்று யாரும் என்னிடம் வந்து உவமை பேச வேண்டாம். அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் ஒரு டஜன் பேர். ஒவ்வொருவரும் தாமே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார்கள். அவள் சிரித்துவைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

அவள் புருஷன் பதினொரு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு மின் நிலையத்தில் வேலை பார்த்தார். பெண் குழந்தை அப்பாவோடும் அத்தையோடும் அங்கேதான் இருந்தது. குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது, "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டு இவள் இங்கே வேலைக்கு வந்தாள். இது நடந்தபோது குழந்தைக்கு ஏழு வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் போய்ப் பார்ப்பாள். மீதி நாளெல்லாம் மகளிர் விடுதியில் ஓர் அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். ஒரு தடவை போயிருந்தேன். அலமாரி காலியாக இருந்தது, துணியெல்லாம் பெட்டியிலேயே. "எடுத்து அடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "எடுத்து வெச்சா இங்கயே இருந்துடற மாதிரி ஆயிடும்க்கா" என்றாள். ஆறு வருடம் பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்தியவள்.

மேல்மாடி ஆய்வுக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் குழந்தையின் அழைப்பு என் அறைத் தொலைபேசிக்கு வரும். குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே நாத்தனார் டீச்சர், அதனால் தினமும் பதினொன்றேகால் இடைவேளையில் பேச வாய்க்கும். நான் படிக்கட்டுக்கு ஓடி, "கூண்டம்மா, உங்க மேலிடம் கூப்பிடுது" என்று கத்துவேன். மூன்று மாடியைத் தடதடவென்று இறங்கி வருவாள். நான்கு நிமிடம் பேசுவாள். திரும்பி ஏறுவதற்கு மட்டும் நேரமாகும்.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. புருஷன் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம். தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய் முதல் ஆளாக வந்துவிட்டாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும், கையில் இங்கிருந்து விடுவிப்புக் கடிதம் இருக்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சார்.

சாருக்கு ஆகட்டும் என்று பெயர். அதையும் நான்தான் வைத்தேன், ஆனால் அவர் காதுக்குப் போகவில்லை. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், நல்லவர்தான். அந்த நல்லதனத்திலேயே ஆட்களை ஊறப்போட்டுவிடுவார். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. கூண்டம்மாவின் கை வேறு யாருக்கும் வரவில்லை. இரண்டு பேர் பழகிப் பார்த்தார்கள், அவர்கள் மடித்ததெல்லாம் திரிந்துபோன பால் மாதிரி என் திரையில் வந்து நின்றது. அவள் போனால் கூண்டு இல்லை. கூண்டு இல்லையென்றால் சாரின் பத்து வருடம் அம்போ.

கடைசியில் ஒரு நாள் என் எதிரிலேயே வாக்குக் கொடுத்தார். "ஒரே ஒரு தடவை, கூண்டுக்குள்ள அது வெளியில ஓடற வேகத்துல ஓடட்டும்மா. அன்னைக்கே கடிதம் அடிச்சுத் தர்றேன்." ஒன்றாம் தேதிக்கு அப்போது இருபத்து நான்கு நாள் இருந்தது. அவள் அன்றே அடுத்த தொகுதியைச் சூடாக்கப் போட்டாள்.

இனி நடந்ததைச் சொல்ல இரண்டு பாட்டில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிஎன்ஏ மடிந்து மடிந்தே நிற்பதற்கு மெக்னீசியம் வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக் கூண்டு குலைந்துவிடும். அதனால் கூண்டுக்கான பஃபரில், அதாவது அதைக் கலந்துவைக்கும் உப்புக் கரைசலில், மெக்னீசியம் இருக்கும். குட்டித் துண்டுகளைக் கெடாமல் சேமித்துவைக்க இன்னொரு பஃபர், அதில் மெக்னீசியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் மருந்து. இரண்டும் பார்க்கத் தண்ணீர்தான், பாட்டிலும் ஒரே மாதிரி. ஃப்ரிட்ஜில் ஆழமான தட்டுகளில் நிற்கும்போது தலை மட்டும்தான் தெரியும் என்று எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ மூடியில் எழுத ஆரம்பித்திருக்கிறான். பாட்டிலின் உடம்பில் யாரும் எழுதுவதில்லை. கூண்டு என்று ஒரு மூடி, சேமிப்பு என்று ஒரு மூடி. படித்தவர்கள் முப்பது பேர் இருக்கிற கட்டடத்தில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை, என்னையும் சேர்த்து.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பாட்டிலும் என் மேசையில் இருந்தன. வேறு வேறு சாம்பிள்களைக் கரைப்பதற்காக நான் கேட்டு வாங்கியிருந்தேன். இரண்டையும் திறந்துவைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பதினொன்றேகால். கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த பாட்டிலில் திருகிவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். அவள் வந்து குழந்தையோடு பேசினாள். போகும்போது, "நானே எடுத்துட்டுப் போறேன்க்கா" என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு மேலே ஒரே கைதட்டல். நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். கணினித் திரையில் பச்சைக் கோடு, வெளியே ஓடும் மிஷினின் கோட்டோடு ஒட்டிக்கொண்டே இறங்கியிருந்தது. கூண்டுக்குள் இருந்தபடி முழு வேகம், ஆறு வருடத்தில் முதல் தடவை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கடிதம் உன் கையில இருக்கும்மா" என்றார். அவள் கீழே என் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் என் தொலைபேசியிலேயே வீட்டுக்குப் பேசினாள். "அம்மா வந்துடறேன்டா கண்ணு. திரும்பிப் போகமாட்டேன். நிஜமா, நிஜமாதான்." எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். அளந்த டியூபில் மீதி இருந்ததை என்னிடம் கொடுத்து, "மூடின கூண்டு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்கக்கா, சார் படம் கேக்கறாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சொட்டைச் செம்பு வலையில் வைத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்புக்குள் தள்ளிப் பார்த்தேன். கூண்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. வழக்கமாகக் குட்டிக் குட்டிச் சதுரங்களாக வரும் இடத்தில் கலைந்த நூலாகக் கிடந்தது, நடுநடுவே மிஷின்கள் சுதந்திரமாகத் திரிந்தன. வலை சரியில்லையோ என்று இன்னொன்று வைத்தேன். அதே நூல். அப்போதுதான் நேற்றைய மூடிகள் நினைவுக்கு வந்தன.

மேலே ஓடினேன். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. சேமிப்புப் பாட்டில் கழுத்துவரை நிரம்பியது என்பதும், கூண்டுப் பாட்டில் பாதிதான் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் நிரம்பிய பாட்டிலின் தலையில் கூண்டு என்று இருந்தது. அவள் கூண்டுகளைக் கரைத்தது மெக்னீசியத்தைப் பிடுங்கும் பஃபரில். கூண்டு குலைந்து, மிஷின் வெளியே வந்துவிட்டது. அளக்கும் கலவையில் மெக்னீசியம் உண்டு, அதனால் மிஷின் ஓடியது. ஆனால் குலைந்த கூண்டு திரும்ப மடியாது. கூண்டுக்குள் இருந்துகொண்டு அது முழு வேகத்தில் ஓடவில்லை. கூண்டே இல்லாததால் ஓடியது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். மூடிகளைக் கழற்றி, சரியான பாட்டிலில் சரியாகத் திருகி, இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு வருடம் முன்னால் என் கவனக்குறைவால் மைக்ரோஸ்கோப்பின் கேமரா போனது. இன்னொரு தவறு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சார் எழுத்திலேயே கொடுத்திருந்தார். பணி ஓய்வுக்கு எனக்குப் பதினான்கு மாதம் இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

அவளிடம் பாதியை மட்டும் சொன்னேன். "கூண்டெல்லாம் குலைஞ்சு கிடக்கு. எப்படின்னு தெரியல. இங்க பாரு, கரைக்கறதுக்கு முந்தி நீ கொடுத்த டியூபோட படம் என்கிட்ட இருக்கு, அழகா மூடின கூண்டு. அதையே சாருக்குக் கொடுத்துடறேன். நீ வாயை மூடிக்கிட்டுக் கடிதத்தை வாங்கி ரயிலேறு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் திரையில் இருந்த நூல் குப்பையை வெகுநேரம் பார்த்தாள். எழுந்துபோய்க் கைகழுவினாள். அறைக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்க்கா" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? தெரிஞ்சே போய்க் கிணத்துல விழுவியா?"

"நான் போனப்புறம் வேற ஒருத்தி வருவா. ஏன் ஓடலன்னு தெரியாம அவ ஆறு வருஷம் உக்காரணும்." இதை அவள் வீராப்பாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

கரைக்காமல் மீதி இருந்த கூண்டுகளை வைத்து மதியம் ஓட்டினாள். பாட்டில்கள் இப்போது சரியாக இருந்தனவே, மிஷின் பழையபடி படுத்துவிட்டது. புதன்கிழமை காலை சார் அறைக்குப் போனாள். படத்தோடு நானும் கூடப் போனேன். சார் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"பாட்டில் மூடி மாறிப்போச்சு சார். நாந்தான் மாத்தி மூடிட்டேன்."

நான் அவள் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நின்றேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பெயர் வைக்கிற என் வாய், மனிதர்களைக் கேலி செய்தே இருபத்தெட்டு வருடம் ஓட்டிய வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

சார் மேசை இழுப்பறையைத் திறந்தார். கடிதம் அடித்தே வைத்திருந்தார். அதை எடுத்து ஒரு தடவை படித்தார்.

"சார், கடிதம் மட்டும்..." என்றாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பாப்பாகிட்ட சொல்லிட்டேன் சார்."

"இப்ப நீ போயிட்டா இதை யாரும்மா கட்டுவா? சொல்லு. பெரிய கூண்டா ஒண்ணு கட்டிப் பாக்கலாம். ஆகட்டும். ஆஸ்பத்திரியில நான் பேசறேன், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி." கடிதத்தைத் திரும்ப உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் பொறுக்கப்போகிறார்கள்? ஒன்றாம் தேதி போனது, இரண்டாம் தேதி பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பெரிய கூண்டுக்கு வரைபடம் போட்டாள். புதிய இழை, புதிய துண்டுகள், எல்லாம் முதலிலிருந்து.

ஒரு மாதம் கழித்து என் அறைக்கு இரண்டு பாட்டிலோடு வந்தாள். உடம்பிலும் எழுதியிருந்தது, மூடியிலும் எழுதியிருந்தது, கொட்டை எழுத்தில். என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு ஏன்டி உன் பேரைச் சொன்னே? நீ மாத்தலையே" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை நான் சீக்கிரமே வந்துட்டேன். நீங்க ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு மூடியை மாத்திக்கிட்டு இருந்தீங்க. உள்ள வராம திரும்பிப் போயிட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "சொல்லியிருந்தா உங்களை அனுப்பியிருப்பாரு. உங்களை அனுப்பிட்டா எனக்குக் கடிதம் வந்துடுமா? அதுவும் இல்லாம, என் பொண்ணு போனுக்குத்தானே எழுந்து ஓடினீங்க."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் பாட்டுக்குப் பாட்டில்களை நேராக நகர்த்திவைத்துவிட்டுப் படியேறிப் போனாள். சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். மறுநாளும் முடிவு செய்தேன். பணி ஓய்வுக்கு எனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பெரிய கூண்டு இப்போதுதான் பாதி மடிகிறது, அவள் பெட்டியிலிருந்து துணி எடுத்து உடுத்தி வருகிறாள். நான் போய்ச் சொல்லவில்லை.

நேற்றும் பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. கையில் திறந்த பாட்டில் இருந்தது. முதலில் அதை மூடிவிட்டு எடுத்தேன். குழந்தைக்கு எட்டு வயதாகிவிட்டது, குரல் மாறியிருக்கிறது. வழக்கமாக, "பெரியம்மா, அம்மாவைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லும். நேற்று என்னிடமே கேட்டது.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. அம்மா எப்ப வருவாங்க?"

"ஆகட்டும் கண்ணு, பாக்கலாம்" என்றேன். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.